மச்சான் புளி போட்டுத் துலக்கிய வாள்காப்பு

ஜப்பானிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மகள், துணிமணிகளுக்கு அடியிலிருந்து ஒரு சின்ன மரப்பெட்டியை எடுத்து இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள். உள்ளே மஞ்சள் துணி. துணிக்குள் ஒரு கறுத்த இரும்பு வட்டம். அதிரசம் அளவு இருக்கும், அதிரசத்தைவிட மெலிசு. நடுவில் ஆப்பு நுழைகிற மாதிரி நீளமாக ஒரு துவாரம், அதற்கு இரண்டு பக்கமும் சின்னதாக ஒவ்வொன்று. மிச்ச இடத்தில் இரும்பைச் சுருள் சுருளாக வெட்டி எடுத்திருந்தார்கள்.

"இது எந்த வண்டிக்குப் போடுறது?" என்று கேட்டாள் என் மனைவி.

எனக்கும் அதேதான் தோன்றியது. படித்தவன் என்று வீட்டில் ஒரு பேர் இருப்பதால் வாயைத் திறக்கவில்லை. அடுத்த அறைக்குப் போய், போனில் படம் எடுத்துத் தேடிப் பார்த்தேன். மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தில் செயின் ஓடுகிற பல்சக்கரம் என்று போன் சொன்னது. பல் எங்கே என்று அதனிடம் கேட்க முடியவில்லை.

திரும்பி வந்தபோது மகள் விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளோடு வேலை பார்க்கும் பையனைப் பற்றி எங்களுக்கு ஏற்கெனவே தெரியும். கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று இருவரும் முடிவெடுத்துவிட்டார்கள். இந்த இரும்பு, வாளில் கைப்பிடிக்கு மேல் வரும் தட்டு. பையனுடைய அப்பா கொடுத்தது. அவர் வீட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்ததாம். "உங்க அப்பாகிட்டக் குடு" என்று சொல்லிக் கொடுத்தாராம்.

"ஏன் குடுத்தாரு?"

"தெரியலப்பா."

"என்ன அர்த்தம்னு கேக்கலையா?"

"அங்கல்லாம் அப்படிக் கேக்க மாட்டாங்கப்பா."

இங்கேயெல்லாம் அப்படிக் கேட்காமல் இருக்க மாட்டார்கள். அன்று சாயங்காலமே கேட்க ஒருவர் வந்தார்.

வந்தவர் என் மனைவியின் அண்ணன், என் மச்சான். அலங்காநல்லூர்ப் பக்கம் வயல், கிணறு, ஒரு வாடிவாசல் காளை என்று இருப்பவர். காளை அவருக்குப் பிள்ளை மாதிரி. என் மகள் பிள்ளைக்கும் ஒருபடி மேலே. காது குத்தியது அவர் மடியில், சடங்குக்குச் சீர் கொண்டுவந்தது அவர். கல்யாணத்தில் மணவறைக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டியதும் தாய்மாமனாகிய அவர்தான். ஜப்பான் மாப்பிள்ளை என்றதற்கு அவர் ஒன்றும் முகம் சுளிக்கவில்லை. "நம்ம ஊர்ல கட்டிக்குடுத்து நான் என்னத்தக் கண்டேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு மிக்சரை அள்ளினார். பெட்டியைத் திறந்து காட்டியதும்தான் மிக்சர் பாதி வழியில் நின்றது.

"என்னா மாப்ள இது?"

"வாள்ல கைப்பிடிக்கு மேல வர்ற தட்டு மச்சான். மாப்ள வீட்ல குடுத்து விட்டுருக்காங்க."

"இரும்பா?"

"இரும்புதான்."

"மொதமொதல்ல மாப்ள வீட்ல இருந்து வர்ற சாமான் இரும்பா? அதுவும் கத்தியோட சாமான்?" மிக்சரைத் தட்டிலேயே போட்டுவிட்டார். "பூ இல்ல, பழம் இல்ல, இம்புட்டு மஞ்சத் துண்டுகூட இல்ல. இரும்ப நீட்டிப் பொண்ணு கேக்குறான். நீயும் கை நீட்டி வாங்கிட்ட. நல்லா இருக்கு மாப்ள."

நல்ல காரியத்தில் இரும்பைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். அருவாளைக்கூடத் தரையில் வைப்போம், அடுத்த ஆள் எடுத்துக்கொள்வான். நேராகக் கொடுத்தால் சண்டை வரும். இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. மகள் இரண்டு கையால் நீட்டினாள், நான் இரண்டு கையால் வாங்கினேன். அந்த நேரத்தில் அது மரப்பெட்டியாகத்தான் இருந்தது என்று வாதாடிப் பார்த்தேன். மச்சான் கேட்கவில்லை. "நீங்க நடத்துங்க. நான் குறுக்க நிக்கல. கூடவும் நிக்கல" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

மகள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "மாமா கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகாம நான் மாலை போட மாட்டேன்பா" என்று மட்டும் சொன்னாள். விடுமுறை முடிந்து விமானம் ஏறும்போதும் அதையே சொன்னாள். டிஜிட்டல் யுகத்துப் பெண் இப்படிப் பேசுவாளா என்று எனக்குக் குழப்பம். அவளுக்கு அதில் ஒரு குழப்பமும் இருந்த மாதிரித் தெரியவில்லை.

ஆக, மச்சானைத் திருப்ப வேண்டும். அதற்கு இந்த இரும்பு நல்ல இரும்புதான் என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு முதலில் அது என்னவென்று எனக்குத் தெரிய வேண்டும். நான் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுப்பவன். பாண்டியர் காலத்துக் கண்மாய் மடைகளைப் பற்றிக் கேட்டால் ஒரு மணி அடித்து அடுத்த மணி அடிக்கும்வரை உளறுவேன். ஜப்பானைப் பற்றி உளறக்கூடத் தெரியாது. எனவே படிக்க ஆரம்பித்தேன்.

இந்தத் தட்டுக்கு ட்சுபா என்று பெயர். குத்தும்போது கை வழுக்கி அலகின்மேல் போய்விடாமல் தடுப்பதற்கு என்று ஒரு புத்தகம் சொன்னது. எதிராளியின் வெட்டு கையில் விழாமல் தடுப்பதற்கு என்றது இன்னொன்று. இரண்டையும்விட, வாளின் கனத்தைக் கைக்கு இசைவாக நிறுத்துவதற்குத்தான் என்றது மூன்றாவது. நடுத் துவாரம் வாளின் அடிப்பாகம் நுழைய. பக்கத்துத் துவாரங்கள், உறையில் செருகியிருக்கும் சின்னக் கத்திக்கும் கொண்டை ஊசிக்கும். சண்டைக்குப் போகிறவன் கொண்டை ஊசியோடு போயிருக்கிறான். இதை மச்சானிடம் சொல்ல வேண்டாம் என்று அப்போதே முடிவு செய்தேன்.

ஆதியில் இது வாள் அடிப்பவரோ கவசம் அடிப்பவரோ போகிற போக்கில் தட்டிப்போட்ட வெறும் தகடு. பிறகு நாட்டில் சண்டை ஓய்ந்தது. வாள் இடுப்பில் இருந்தது, உருவ வேலை இல்லை. அதற்கப்புறம்தான் அலங்காரம் கூடியது. தட்டு செய்வதற்கென்றே குடும்பங்கள், பட்டறைகள், ஊருக்கு ஒரு பாணி. உபயோகம் போன பிறகுதான் ஒரு பொருள் அழகாகத் தொடங்கும் போலிருக்கிறது. என் விஷயத்தில் இது இன்னும் நிரூபணமாகவில்லை.

பாணிகளில்தான் நான் தொலைந்துபோனேன். அரண்மனைப் பக்கத்துக் கைவேலைக்காரர்கள் இரும்பைத் தொட மாட்டார்கள். செம்பில் தங்கம் கலந்து ஒரு கறுப்பு உலோகம் செய்து, அதன்மேல் மீன்சினை போலப் புள்ளி புள்ளியாகத் தட்டி, தங்கத்தில் பூ பதிப்பார்கள். அது எங்களுடையது இல்லை என்பது நிச்சயம். அந்த ஒன்றுதான் நிச்சயம். இரும்பை ஊடுருவி வெட்டுகிறவர்களில் கியோட்டோக்காரர்கள் மெலிசாக, நளினமாக வெட்டுவார்கள். ஓவாரி நாட்டுக்காரர்கள் தடிப்பாக, இடமும் வலமும் ஒன்றுபோல. அவர்கள் இரும்பின் விளிம்பில் மொழுக்கு மொழுக்கென்று முடிச்சுகள் தெரியும். அதை இரும்பின் எலும்பு என்கிறார்கள். அகசாகாக்காரர்கள் நகரத்து ஆட்கள், வளைவுகளில் கொஞ்சம் ஒய்யாரம். ஹிகோக்காரர்கள் அடக்கமானவர்கள், தேநீர் குடிப்பதையே ஒரு தவமாகச் செய்த பிரபுக்களுக்கு வேலை செய்தவர்கள்.

எங்கள் தட்டு திங்கட்கிழமை பார்த்தால் ஓவாரி மாதிரி இருக்கும். விளிம்பைத் தடவினால் எலும்பு தட்டுப்படும். செவ்வாய்க்கிழமை அதே விளிம்பில் எலும்பு இருக்காது. சம்பந்தி ஆகப்போகிறவருடைய ஊர் பழைய ஹிகோ நாட்டில் வருகிறது என்று தெரிந்ததும் ஹிகோ என்று முடிவு செய்தேன். அவர் தாத்தா வேறு ஊரிலிருந்து அங்கே குடிவந்தவர் என்று மகள் போனில் சொன்னதும் அந்த முடிவும் போயிற்று. செய்தவர் பெயர் வெட்டியிருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். இல்லை. பெயர் இல்லாவிட்டால் யார் செய்தது என்று தெரியாது. பெயர் இருந்தாலோ, பெரிய கைகளின் பெயரை மற்றவர்கள் வெட்டிக்கொள்வது அங்கே சகஜம் என்பதால் நம்பக் கூடாதாம். பெயர் இல்லாததே மேல் என்று ஆறுதல் அடைந்தேன்.

எல்லாப் புத்தகங்களும் ஒத்துப்போன ஒரே இடம், நிறம். அந்தக் கறுப்பு பெயின்ட் இல்லை, துரு. ஒவ்வொரு பட்டறையும் தனக்கென்று ஒரு கைப்பக்குவத்தில் இரும்பைத் துருப்பிடிக்கவிட்டு, அடக்கி, மறுபடி பிடிக்கவிட்டு, அந்தக் கறுப்பை வளர்த்திருக்கிறது. பிறகு வைத்திருப்பவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பருத்தித் துணியால் தேய்த்துத் தேய்த்து மெருகு ஏற்றுவார்கள். எங்கள் தட்டின் கறுப்பு, மழை பெய்து விட்ட கரிசல் மண் மாதிரி இருந்தது. செந்துரு வந்தால்தான் வியாதி. அதை மான்கொம்பால் மெல்லச் சுரண்ட வேண்டும். வேறு எதையும், எந்தக் காரணத்துக்காகவும், செய்யக் கூடாது. இந்த வரியைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

இத்தனையும் படித்துக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் பெட்டியோடு போனேன். அவர் காளைக்குப் பருத்திக்கொட்டை வைத்துக்கொண்டிருந்தார். வரவேற்பு காளையிடமிருந்து மட்டும் கிடைத்தது, அதுவும் மூச்சாக.

நான் துருப்புச்சீட்டை எடுத்தேன். ஜப்பானில் நன்பான் என்று ஒரு வகைத் தட்டு உண்டு. தெற்கிலிருந்து கப்பலில் வந்த காட்டுமிராண்டிகள் என்று அர்த்தம். வெளிநாட்டுப் பாணி எல்லாவற்றுக்கும் அவர்கள் வைத்த பெயர் அது. அந்தக் கப்பல்களில் வந்த இரும்புக்கும் அதே பெயர்தான். அந்த இரும்பில் கொஞ்சம் இந்தியாவிலிருந்து போனது என்றும் சிலர் எழுதியிருக்கிறார்கள். எங்கள் தட்டு நன்பான் வகை இல்லை. ஆனால் மச்சானுக்கு அது எப்படித் தெரியும்?

"இந்த இரும்பே நம்ம பக்கத்துல இருந்து போனதா இருக்கலாம் மச்சான்" என்றேன்.

மச்சான் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப நம்ம இரும்ப நமக்கே திருப்பிக் குடுத்துட்டுப் பொண்ணக் கூட்டிட்டுப் போறான்?"

என் ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது. விட முடியாமல், இது ஆயுதமே இல்லை, கையைக் காக்கிற சாமான், வீட்டில் எத்தனை பேர் துணியால் தேய்த்துக் காப்பாற்றியிருக்கிறார்கள், மான்கொம்பை வைத்துத்தான் சுத்தம் பண்ணுவார்கள் என்று வகுப்பு எடுத்தேன்.

"மான் கொம்பா? வீட்ல வச்சிருந்தா ஃபாரஸ்ட்காரன் வந்து உன்னயத் தூக்கிட்டுப் போயிருவான் மாப்ள. வாத்தியார்னுகூடப் பாக்க மாட்டான்." பேசிக்கொண்டே பெட்டியிலிருந்து தட்டை எடுத்துவிட்டார். வெயிலுக்கு எதிராகப் பிடித்து ஓட்டைகளின் வழியே பார்த்தார். காளையைப் பார்த்தார். மறுபடி தட்டைப் பார்த்தார்.

"ஏ மாப்ள. இது கொம்புல்ல?"

அந்தச் சுருள்கள் என்னவென்று எனக்கு ஏற்கெனவே தெரியும். பெரணிச் செடியின் இளங்குருத்து. வசந்தகாலத்தில் சுருண்டு முளைப்பதைப் பறித்துச் சமைப்பார்களாம். இந்த வகை வேலையில் அடிக்கடி வருகிற உருவம். அதாவது, கீரை.

"நல்லாப் பாரு. இங்கிட்டு ஒரு கொம்பு, அங்கிட்டு ஒரு கொம்பு. நடுவுல இது நெத்தி. ரெண்டும் உள்வாங்கி வளைஞ்சிருக்கு பாத்தியா? நம்மவன் கொம்பு மாதிரியே." நம்மவன் மூச்சு விட்டான். "மாடு கட்டுற குடும்பமா இருக்கும் போல. நீ முன்னாடியே சொல்லலையே?"

நான் வாயைத் திறந்தேன். வரலாறு சொல்லிக்கொடுக்கிறவன் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். மகளின் முகம் ஞாபகம் வந்தது. "இருக்கலாம் மச்சான்" என்றேன்.

"இத இங்கன வச்சிட்டுப் போ. ஆயுத பூசைக்கு நான் சாமிகிட்ட வைக்கிறேன். பெறகு பேசுவோம்."

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். ஆயுத பூஜையில் வைக்கிறார் என்றால் அந்த இரும்பு அவர் வீட்டு இரும்பு ஆகிறது. வீட்டு இரும்பு என்றால் தோஷம் இல்லை. மகளுக்குச் செய்தி அனுப்பினோம். மகிழ்ச்சிப் பொம்மைகள் வரிசையாக வந்தன.

பூஜையன்று மச்சான் வீட்டுக்குப் போனோம். மணைப் பலகையின்மேல் அருவாள், மண்வெட்டி, டிராக்டர் ஸ்பேனர், அருவாமனை, காளையின் சலங்கை எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு வரிசையாக இருந்தன. நடுநாயகமாக, ஒரு வாழையிலைத் துண்டின்மேல், புது எவர்சில்வர் தட்டு மாதிரிப் பளபளவென்று ஒரு வட்டம்.

முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. பிறகு நடுத் துவாரத்தைப் பார்த்தேன்.

"எப்புடி மாப்ள?" மச்சான் முகத்திலும் அதே பளபளப்பு. "நீ சுத்தம் பண்ணணும்னு சொன்னேல்ல? மான் கொம்புக்கு எங்க போறது? புளியப் போட்டு ஊறவச்சு, செங்கப்பொடி போட்டு நானே தேச்சேன். ஒருத்தரத் தொட விடல. எம்புட்டு அழுக்குங்கற! அம்புட்டும் போச்சு."

தலைமுறைக் கணக்கில் வளர்த்த கறுப்பு. அம்புட்டும் போச்சு.

அடுத்து மச்சான் சொன்னதைக் கேளுங்கள். சூடத்தைக் காட்டிவிட்டு, அந்தத் தட்டிலிருந்தே குங்குமத்தை எடுத்து என் மனைவி நெற்றியில் வைத்தார். "நான் நிக்கிறேன்த்தா. எம்மருமகளக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறது நான்தான். அவங்கள வரச் சொல்லு" என்றார். என் மனைவி அழுதாள். மச்சானும் அழுதார். நானும் அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. அவர் சம்மதித்ததற்கா, தட்டு போனதற்கா? சம்மதித்ததால்தான் தேய்த்தார். தேய்த்ததால்தான் அது அவருடையதாயிற்று. இதில் எதைப் பிரித்து எதற்குச் சந்தோஷப்படுவது? பொரிகடலையை வாங்கி மென்றேன்.

வரும் வழியில் பைக்கிலேயே மனைவிக்கு விளக்கினேன். துரு, கறுப்பு, மெருகு என்று நான் கத்தியது காற்றில் பாதி போயிருக்கும். வீட்டு வாசலில் இறங்கியதும் கேட்டாள், "அதாவது, பழகின தோசக்கல்லப் போட்டுத் தேச்ச மாதிரி?"

இத்தனை புத்தகம் படித்தும் எனக்குத் தோன்றாத விளக்கம். அவள் தோசைக்கல்லை ஒருமுறை வேலைக்கு வந்த அம்மாள் நல்லெண்ணத்தில் நார் போட்டு வெள்ளையாகத் தேய்த்துவிட்டார். அதன் பிறகு வெகுநாள் எங்கள் வீட்டில் தோசை என்பது கல்லிலிருந்து சுரண்டி எடுக்கும் பொருளாக இருந்தது. விஷயத்தின் பாரம் அவளுக்கு இப்போது முழுசாக இறங்கியது. உடனே, "வெங்காயத்த வெட்டி எண்ணெயத் தொட்டு நாலு நாள் அடுப்புல போட்டுப் பழக்கிருவோமா?" என்றாள். நெருப்பு காட்டினால் இரும்பே செத்துவிடும் என்று தடுத்தேன். தடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. தட்டு மச்சான் வீட்டுச் சாமி அலமாரியில் இருந்தது. கேட்டால் ஏன் என்பார். ஏன் என்று சொன்னால், ஆசையாகத் தேய்த்த கையைக் குற்றம் சொன்னதாகும். வீம்பில் அவர் காளைக்கு அண்ணன்.

மகளிடம் போனில் சொன்னேன்.

"மாமா சரின்னுட்டாரா?"

"சரின்னுட்டாரு."

"அப்ப விடுங்கப்பா."

"மாப்ளயோட அப்பா வந்து பாத்தா?"

முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். எப்படிச் சொல்வது என்று அவள் கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். தீபாவளி வந்துபோனது. இன்னும் யோசித்துக்கொண்டிருந்தபோதே அவர்கள் மதுரையில் வந்து இறங்கிவிட்டார்கள்.

மகளோடு பையனும் அவன் அப்பாவும்தான் வந்தது. அம்மா இல்லை, காலமாகிவிட்டார். வந்த அன்றே பையனை உறவுக்காரப் பிள்ளைகள் கூட்டிப்போய்க் கறிதோசை வாங்கிக் கொடுத்தார்கள். மறுநாள் பேச்சுவார்த்தைக்கு மாப்பிள்ளை இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு லாட்ஜில் படுத்திருந்தான். அவன் அப்பா மட்டும் வண்டியூர்த் தெப்பக்குளத்துப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கு, மகளோடு ஆட்டோவில் வந்தார். ஒல்லியான மனிதர். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

மச்சான் வெள்ளை வேட்டியில், மாட்டுத்தாவணியில் வாங்கிய மல்லிகையும் தாமரையும் நிறைந்த தாம்பாளத்தோடு நுழைந்தார். தேங்காய், பழம், வெற்றிலை, நடுவில் தட்டு. சந்தனப் பொட்டும் குங்குமமும் புதுசாக வைத்திருந்தார். தாம்பாளத்தைச் சம்பந்திக்கு முன்னால் வைத்தார்.

அவர் பழத்தைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், நடுவில் இருந்ததைப் பார்த்தார். அங்கேயே நின்றுவிட்டது பார்வை. அவர் முகத்தில் ஏதாவது அசைந்ததா என்றால் இல்லை. எங்கள் ஊரில் ஒருவர் முகம் அசையாமல் இருந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவோம். என் மகள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றி, அவிழ்த்து, சுற்றிக்கொண்டிருந்தாள்.

அவர் மெதுவாக ஏதோ கேட்டார்.

"யாரு சுத்தம் பண்ணதுன்னு கேக்குறாரு" என்றாள் மகள்.

"நான்தான்!" என்றார் மச்சான். நெஞ்சில் கை வைத்து, தேய்ப்பது மாதிரி நடித்தும் காட்டினார். "புளி. புளின்னு சொல்லு பாப்பா."

அவர் மறுபடி கேட்டார். புளி என்றால் என்னவென்று தெரியவேண்டுமாம். என் மனைவி உள்ளே போய் ஒரு உருண்டையை எடுத்துவந்தாள். அவர் வாங்கி மோந்து பார்த்தார். துளி கிள்ளி வாயில் போட்டார். இத்தனை நேரம் அசையாத முகம் அப்போது அசைந்தது பாருங்கள், கண், மூக்கு, வாய் எல்லாம் ஒரே இடத்தில் கூடிவிட்டன. மச்சான் வெடித்துச் சிரித்தார். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவரும் சிரித்தார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்; புளியின் வேலையாகவும் இருக்கலாம்.

பிறகு அவர் தட்டைக் கையில் எடுத்தார். திருப்பினார். விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டு, மச்சானைப் பார்த்து நீளமாகப் பேசினார். தாழ்ந்த குரல். இடையில் நிறுத்தினார், மறுபடி பேசினார். ஜப்பான் மொழியில் எனக்கு வாள்காப்பு தொடர்பான சொற்கள் மட்டும் தெரியும். அதில் ஒன்று 'சபி'. துரு. அந்தச் சொல் பேச்சில் திரும்பத் திரும்ப வந்தது.

முடித்துவிட்டு அவர் என் மகளைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் அவளைப் பார்த்தோம்.

"நல்லா இருக்குன்னு சொல்றாரு" என்றாள்.

"இம்புட்டுப் பேச்சுக்கு அம்புட்டுதானா?" என்றார் மச்சான்.

"இவ்வளவு மரியாதையா வச்சதுக்கு நன்றியாம் மாமா. உங்க கையிலயே இருக்கட்டுமாம்."

"அது என்ன கொம்பான்னு கேளு. மாட்டுக் கொம்புதான?"

அவள் கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்து, ஒரே வார்த்தையில் பதில் சொன்னார். "ஆமாங்குறாரு மாமா" என்றாள் மகள், என்னைப் பார்க்காமல்.

அவர் பையிலிருந்து ஒரு வெள்ளைப் பருத்தித் துணியை எடுத்தார். குங்குமத்தைத் துடைக்கப்போகிறார் என்று நினைத்தேன். துடைக்கவில்லை. துணியில் தட்டை வைத்து விளிம்பை ஒரு சுற்றுத் தேய்த்துக் காட்டினார். பிறகு எழுந்து, இரண்டு கையாலும் மச்சானிடம் நீட்டினார். இரும்பை. கைக்குக் கை.

மச்சான் கை பாதி தூரம் வந்து நின்றது. தரையில் வைக்கச் சொல்லலாமா என்று யோசிப்பது தெரிந்தது. பிறகு அவரும் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார். "தை பொறந்ததும் கல்யாணத்த வச்சிருவோம்னு சொல்லு பாப்பா" என்றார்.

அவர்கள் ஊருக்குத் திரும்புவதற்கு முதல் நாள், மகளிடம் தனியாகக் கேட்டேன். "அன்னைக்கு அவர் நெசமா என்ன சொன்னாரு?"

"எனக்கே புரியலப்பா."

"என்னது?"

"நான் படிச்சது புத்தகத்து ஜப்பான் மொழி. அவர் சாதாரணமா நல்லாப் பேசுவாரு. மனசுல எதாவது பட்டுட்டா ஊர்ப் பேச்சுக்குப் போயிருவாரு. துருன்னு வந்துச்சு, அப்பான்னு வந்துச்சு, கை கைன்னு வந்துச்சு. மிச்சம் ஓடிப்போச்சு."

"அந்தக் கொம்பு?"

"எனக்குக் கொம்புக்கு வார்த்தையே அந்த நேரத்துல வரலப்பா. இது சரிதானான்னு மட்டும் கேட்டேன்."

"மாப்ளகிட்டக் கேட்டியா?"

"அவன் அவங்க அப்பாகிட்டக் கேட்டானாம். நல்ல வீடுன்னு மட்டும் சொன்னாராம்."

ஆக, அவர் திட்டினாரா, மன்னித்தாரா, தன் அப்பா கதையைச் சொன்னாரா என்பது எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. ஆனால் அதன் பேரில் கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது.

மச்சான் விஷயம் வேறு. தினமும் காளைக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத் தொழுவத்திலேயே உட்கார்ந்து, அந்த வெள்ளைத் துணியால் தட்டைத் தேய்க்கிறார். சம்பந்தி செய்து காட்டினார், அதனால் செய்கிறார். அவ்வளவுதான் அவர் கணக்கு. போன வாரம் போன் வந்தது. "மாப்ள, ஒரு எட்டு வந்துட்டுப் போ. சாமான் ஒரு மாதிரியா இருக்கு."

போனேன். தட்டை என் கையில் கொடுத்தார், நேராகவே. பளபளப்பு மங்கியிருந்தது. சுருள்களின் உள்மடிப்பில், விளிம்பின் ஓரத்தில், லேசாக ஒரு கறுப்பு படர்ந்திருந்தது. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விட்டுப்போன துரு திரும்பி வருகிறதா, மச்சான் கையில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கா, தொழுவத்துத் தூசியா? புத்தகங்களை எல்லாம் மனதுக்குள் புரட்டினேன். ஒன்றும் பிடிபடவில்லை.

"புளி போடணுமா, இல்ல இப்படியே இருக்கணுமா?" மச்சான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ படிச்சவன். சொல்லு மாப்ள."

"நல்லா இருக்கு மச்சான்" என்றேன். "இப்படியே இருக்கட்டும்."